கணக்கில் வராத பதினொன்றாம் வகுப்பு

ஆகஸ்ட் 19

போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். இந்த வீட்டில் யாருக்கும் தமிழ் தெரியாது. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து எழுதினாலும் ஒருவராலும் படிக்க முடியாது. இருந்தும் தலையணை உறைக்குள்தான் ஒளித்து வைக்கிறேன். நாமக்கல்லில் என் டைரியைத் தேடி எடுத்துப் படித்து, சிவப்புப் பேனாவால் எழுத்துப்பிழை திருத்தி, மறுபடி அதே இடத்தில் வைத்துவிடுகிற தங்கை இருக்கிறாள். அந்தப் பயம் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது.

வந்து சேர்ந்துவிட்டேன்! ஜெர்மனியின் வடக்கு ஓரம். கடல் பக்கத்தில்தான், ஆனால் தெரியாது, மண்கரை மறைக்கிறது. தரை தோசைக்கல் மாதிரி தட்டை. ஒரு மேடு கூட இல்லை. எங்கள் ஊர்க் கோட்டைப் பாறையைப் பார்த்தால் இவர்கள் மயங்கி விழுவார்கள். வீட்டை ஒட்டியே மாட்டுக் கொட்டகை. என்னை ஒரு வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் ஹைக்கே என்ற அம்மாவும் ஓனோ என்ற அவர் கணவரும். இருவரும் என்னைவிட இரண்டு மடங்கு உயரம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பத்தாவது முடித்த சிலரை ஒரு அறக்கட்டளை பொறுக்கி வெளிநாடு அனுப்புகிறது. அதில் நான் ஒருத்தி. அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிவிட்டார்: "பதினொண்ணாவது ஜெர்மனில. வந்து நேரா பன்னெண்டாவது. அந்த ஜெர்மன் மார்க் ஷீட்டைப் பார்த்துப்போட்டு வெட்னரி காலேஜ் கதவத் தொறந்து வெச்சுட்டு நிக்கும் பாருங்க."

எனக்கும் அந்தக் கல்லூரிதான் வேண்டும். தினமும் பஸ்ஸில் அதன் வாசலைத் தாண்டும்போது கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுளுக்கு வந்ததுதான் மிச்சம்.

தூக்கமே வரவில்லை. ஊர் நினைப்பெல்லாம் இல்லை. வேறு ஏதோ.

ஆகஸ்ட் 20

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். டீ!

இங்கே சின்னக் கப்பில் கற்கண்டு போட்டு, கொதிக்கும் டீயை ஊற்றுகிறார்கள். கற்கண்டு படபடவென்று வெடிக்கிறது. மேலே ஒரு சொட்டு பாலாடை. கலக்கக் கூடாதாம். குடித்து முடித்தேன். ஹைக்கே ஊற்றினார். மிச்சம் வைத்தால் மரியாதை இல்லையே என்று அதையும் குடித்தேன். ஊற்றினார். "போதும்" என்று கையை அசைத்தேன். சிரித்தபடி ஊற்றினார். சரி, நம் ஊரிலும் போதும் என்றால் இன்னொரு கரண்டி என்றுதானே அர்த்தம் என்று அதையும் குடித்தேன். ஏழாவது கப்பில் என் காது சூடாகி, கை தானாக ஆடியது.

கடைசியில் ஓனோ என்னைப் பார்த்துக்கொண்டே தன் கரண்டியை எடுத்து மெதுவாகத் தன் காலிக் கப்புக்குள் போட்டார். அவ்வளவுதான். அவருக்கு ஊற்றவில்லை! நான் பாய்ந்து என் கரண்டியைப் போட்டேன். ஹைக்கே நாற்காலியில் சாய்ந்து அப்படிச் சிரித்தார். இந்தியப் பெண்ணுக்கு டீ என்றால் உயிர் போலிருக்கிறது என்று அடுத்த கெட்டிலுக்குத் தண்ணீர் வைத்திருந்தாராம்.

ஆகஸ்ட் 28

ஒரு சிக்கல். அவர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். ஆன்ட்டி என்றேன், வேண்டாம் என்றார். அம்மா வயதுள்ளவரை எப்படிப் பெயர் சொல்வது? ஒரு வாரமாகக் கிட்டே போய் நின்று இருமிக்கொண்டிருந்தேன். ஹைக்கே என்னை டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டார். நெஞ்சில் சளி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

இன்று வாய் தானாகத் தீர்த்து வைத்தது. "ஹைக்கேங்க" என்று வந்துவிட்டது. அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. செல்லப் பெயர் என்று நினைத்துவிட்டார். இப்போது ஓனோவும் அவரை "ஹைக்கேங்க" என்கிறார்.

செப்டம்பர் 5

பள்ளிக்கூடம். பயாலஜி டீச்சர் ஃப்ராவ் யான்ஸன் உள்ளே வந்ததும் எழுந்து நின்றேன். நான் மட்டும். வகுப்பே என்னைப் பார்த்தது. எனக்கு அவசரம் என்று நினைத்து அவர் கழிவறை இருக்கும் பக்கம் கையைக் காட்டினார். டீச்சர் சொல்லிவிட்டாரே என்று போனேன். கொஞ்ச நேரம் கண்ணாடி பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

அதைவிடப் பெரிய இடி: இங்கே பாதி மார்க் வகுப்பில் வாயைத் திறந்து பேசுவதற்கு! பரீட்சை எழுதுவதற்கு மீதிப் பாதிதான். பத்து வருஷமாக வாயை மூடி உட்கார்ந்ததற்காக நல்ல பிள்ளை என்று பேர் வாங்கியவள் நான்.

செப்டம்பர் 29

சிரித்துச் சிரித்துப் போர்வை கலைகிறது. மெல்லத்தான் எழுத வேண்டும்.

பேச்சுக்குத்தானே மார்க், பேசிவிடலாம் என்று முடிவு செய்தேன். மாட்டின் வயிறு பற்றிய பாடம். ஒரு முழுப் பக்கம், ஜெர்மனில், வாரம் முழுக்க மனப்பாடம். பால் கறக்கும்போது கூடச் சொல்லிப் பார்த்தேன். இன்று "யாருக்குத் தெரியும்?" என்றார் ஃப்ராவ் யான்ஸன். எழுந்தேன். கையைக் கட்டினேன். ஆரம்பித்தேன். நிறுத்தவே இல்லை. வகுப்பு வாயைப் பிளந்தது. அந்த வேகத்தில் "படம் மூன்றைப் பார்க்க" என்றும் சொன்னேன். அடியில் இருந்த "பக்கத்தில் இருப்பவரோடு கலந்து பேசுக" என்பதையும் சொல்லி, நன்றி சொல்லி உட்கார்ந்தேன்.

வகுப்பு முழுக்கப் பக்கத்தில் இருப்பவரோடு கலந்து பேச ஆரம்பித்துவிட்டது!

ஃப்ராவ் யான்ஸனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "அருமை, கனிஷ்கா. மென்று விழுங்கியதை மாடு ஏன் திரும்ப மெல்கிறது?"

ஏன் என்பது அந்தப் பக்கத்தில் இல்லை.

அக்டோபர் 14

இன்று சிரிப்பு இல்லை.

எங்கள் பள்ளி பூங்கொடி மிஸ் கூப்பிட்டார். கெமிஸ்ட்ரி மிஸ். இந்த உதவித்தொகைக்கு என்னை விண்ணப்பிக்க வைத்தவரே அவர்தான். குரலிலேயே தெரிந்தது.

"கனி, நிதானமாக் கேளு. ஆறாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சாத்தான் அந்த ஏழரை பர்சன்ட் ஒதுக்கீடு. தெரியுமல்ல?"

"தெரியுங் மிஸ்."

"அப்ப பதினொண்ணாவது ஜெர்மனில படிச்சதா ஆயிட்டா?"

என் மார்க் மோசமில்லை. ஆனால் பொதுப் போட்டியில் கால்நடை மருத்துவம் கிடைக்கிற மார்க் இல்லை. ஒதுக்கீடு இருந்தால் கிடைக்கும். அதை நம்பித்தான் எல்லாமே.

ஒரே வழி இருக்கிறதாம். அங்கே படித்தது இங்கே பதினொன்றாவதுக்குச் சமம் என்று ஒரு சர்டிஃபிகேட் வாங்க அப்பா அலைகிறாரே, அதை வாங்கவே கூடாது. ஜூனில் திரும்பி வந்து எங்கள் பள்ளியிலேயே பதினொன்றாவதில் முதலிலிருந்து உட்கார வேண்டும். இந்த வருஷம் கணக்கிலேயே வராது.

"நானும் முன்னாடியே யோசிச்சிருக்கோணும். தப்பு எம்பேர்லயுந்தான். அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லிரு. நீயே சொல்லு, அதுதான் முறை."

சொல்லிவிடலாம். ஆனால் அப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். கணக்கில் வராத படிப்புக்கு அங்கே என்ன வேலை, அடுத்த விமானத்தில் கிளம்பு.

இன்னொன்று. ஜூனில் பதினொன்றாவதுக்கு வரப்போகிறவர்களில் மிதுனாவும் ஒருத்தி. என் தங்கை. என் கிளாஸ்மேட்.

அக்டோபர் 16

அப்பாவுக்கு ஜலதோஷம். சொல்லவில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. நல்ல நாளும் அதுவுமாக எப்படிச் சொல்வது? அம்மா அதிரசத்தைக் கேமராவுக்குக் கிட்டே பிடித்துக் காட்டினார். நான் ஒன்றும் அழவில்லை. ஹைக்கே வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 2

அங்கே கரண்ட் இல்லையாம். (எப்படியும் கைபேசியில்தான் பேசுவோம். இருந்தாலும்.)

நவம்பர் 13

இன்று ஒரு அதிசயம்.

மத்தியானம் அப்பா கூப்பிட்டார். எடுக்கவில்லை. கொட்டகைக்குள் ஓடி, ஃப்ரீடா என்ற கிழட்டுப் பசுவுக்குப் பின்னால் ஒளிந்தேன். பையில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. குளிருக்கு ஃப்ரீடாவின் இடது விலாவில் காதை வைத்துச் சாய்ந்தேன்.

உள்ளே இடி இடித்தது!

தூரத்தில் லாரி மேடேறுவது மாதிரி ஆரம்பித்து, கிட்டே வந்து, உருண்டு, அடங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு லாரி. அந்த மனப்பாடப் பக்கம் முழுக்க ஒரே நொடியில் என் தலைக்குள் எழுந்து உட்கார்ந்தது. "முதல் வயிறு சுருங்கி விரிந்து கலக்குகிறது." அட, இதுதானா! ஒரு வாரம் முழுக்க வாயால் சொன்னேனே, அது இந்தச் சத்தமா!

மற்ற மாடுகளிடமும் ஓடி ஓடிக் காதை வைத்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு லாரி. ஓனோ வாளியோடு நின்று பார்த்துவிட்டு, தானும் ஒரு மாட்டின் மேல் காதை வைத்தார்.

நவம்பர் 14

கையைத் தூக்கினேன். எழுந்து நிற்கவில்லை, உட்கார்ந்தபடியே. ஓட்டை ஜெர்மனில் சொன்னேன். மாடு தனக்காக மட்டும் சாப்பிடவில்லை, வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடி விருந்தாளிகள் இருக்கிறார்கள், புல்லை முதலில் தின்பது அவர்கள், மாடு அதற்குப் பிறகுதான். அதனால் அவர்களுக்காக நன்றாகப் பொடியாக மென்று கொடுக்கிறது. வார்த்தை கிடைக்காத இடத்தில் அந்த லாரிச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அந்தச் சத்தம் நின்றுபோனால் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தமா என்று நானே டீச்சரைத் திருப்பிக் கேட்டேன்.

நான் கேட்டேன்! கேள்வி!

நவம்பர் 30

அப்பா: "பயாலஜில என்ன மார்க் வரும் சாமி?"
நான்: "ரெண்டு வரலாம்னு சொல்றாங்கப்பா."
அப்பா: "எத்தனைக்குக் கண்ணு?"
இங்கே ஒன்றுதான் முதல் மார்க், ஆறுதான் கடைசி என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் அழைப்பு முடிந்துவிட்டது. அதனால் முக்கியமான விஷயத்தைச் சொல்ல நேரமில்லை.

டிசம்பர் 21

வாய்க்கால் உறைந்துவிட்டது. அதன் மேல் நடந்தேன்! நான்! தண்ணீர் மேல்!

ஜனவரி 12

இந்த மாதக் கடைசியில் அரையாண்டுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். பள்ளி அலுவலகத்தில் கேட்டார்கள்: "நீ வந்துபோகும் மாணவி. மார்க்கோடு வேண்டுமா, மார்க் இல்லாமல் வெறும் வருகைச் சான்று போதுமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்."

அதே நாளில் அப்பா: "மார்க் ஷீட்டு வந்ததும் போட்டோ புடிச்சு அனுப்பிப்போடு சாமி. மத்த பேப்பரெல்லாம் ரெடி. அதுக்கடுத்த திங்கக்கெழம மெட்ராஸ் போயி ஆபீசுல குடுத்தர்றேன். உங்க பெரியப்பனுந்தான் வர்றேன்னான்."

பெரியப்பா! பொட்டப்புள்ளையை அத்தனை தூரம் அனுப்புறியே, புத்தி கெட்டுப்போச்சா என்று எங்கள் வாசலில் நின்று கத்தியவர். இப்போது அவரும் வருகிறாராம். அப்பா குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

கொட்டகைக்குப் போய் ஃப்ரீடா மேல் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 16

சொல்லிவிட்டேன். காலையில் பள்ளி அலுவலகத்தில் மார்க் வேண்டாம் என்று; பிறகு அப்பாவிடம்.

எல்லாவற்றையும் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பழக்கம் போகவில்லை. சாயங்காலம் கொட்டகையில் நின்றுதான் கூப்பிட்டேன். அங்கே எட்டரை மணி. திரையில் அப்பா, அம்மா, ஒரு ஓரத்தில் மிதுனாவின் பாதி முகம், பின்னால் நாற்காலியில் பெரியப்பா. நாலு வரி ஒப்பித்திருப்பேன். அப்பா நடுவில் புகுந்துவிட்டார்.

"இரு இரு. அப்ப இந்த ஒரு வருசம் போச்சா?"

அந்தக் கேள்வி என் மனப்பாடத்தில் இல்லை.

"போகலீங்கப்பா."

"மார்க்கு இல்ல, சர்டிபிகேட்டு இல்ல. போகாம?"

பெரியப்பா எட்டிப் பார்த்தார். "நாந்தான் அன்னைக்கே சொன்னனல்லடா."

"நீ கொஞ்சம் சும்மாருண்ணா." அப்பா முகம் சுருங்கிவிட்டது. "செரி, ஆனது ஆச்சு. அங்க இருந்து இனி என்ன ஆகப்போவுது? கெளம்பி வந்துரு. ஜூன் வரைக்கும் அஞ்சு மாசம் இருக்குது. ட்யூசன்ல சேத்தி உடறேன், பதினொண்ணாவது பாடம் பூராவும் முன்னாடியே முடிச்சுப்போடலாம்."

நான் எதிர்பார்த்தது அப்படியே நடந்தது. கைபேசியைக் கொண்டுபோய் ஃப்ரீடாவின் விலாவில் ஒட்டி வைத்தேன்.

"என்றா இது, ஒரே இருட்டா இருக்குது?" இது அம்மா.

"கேளுங்கம்மா. ஒரு நிமிசம் எல்லாரும் பேசாம கேளுங்க."

லாரி வந்தது. ஏறியது, உருண்டது, அடங்கியது.

"ஐயோ, இடி இடிக்குதுங்க!" அம்மா அப்பாவின் கையைப் பிடித்திருக்க வேண்டும், வளையல் சத்தம் கேட்டது.

"நெட்வொர்க் கோளாறு" என்றார் பெரியப்பா.

"மாட்டு வயிறுங் பெரியப்பா. அந்தச் சத்தத்தை வெச்சே மாட்டுக்குச் சொகமில்லீன்னா கண்டுபுடிச்சரலாம். போன வாரம் ஒரு மாட்டுக்குச் சத்தம் கொறஞ்சுது, நாந்தான் சொன்னேன். டாக்டர் வந்து பாத்துட்டு, நல்லவேள இன்னைக்கே கூப்புட்டீங்கன்னார். இதெல்லாம் ஜூலை வரைக்கும் இருந்து பாக்கோணுங்கப்பா. நான் இப்ப வரமாட்டேன். பள்ளிக்கூடம் தொறந்து ஒரு மாசம் லேட்டாச் சேந்துக்கலாம்னு பூங்கொடி மிஸ் எச்.எம்மைக் கேட்டு வெச்சிருக்காங்க. லெவன்த்துல மறுபடி உக்காந்துக்கறேன். ஆனா இப்ப வரமாட்டேன்."

வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. திரையில் எல்லோரும் சிலையாகிவிட்டார்கள். நெட்வொர்க் கோளாறு என்று நானே ஒரு நொடி நினைத்தேன்.

அப்போதுதான் மிதுனா முழு முகத்தையும் உள்ளே நுழைத்தாள். "அப்பா, அவள இப்பக் கூட்டிட்டு வராதீங்க!"

"உன்னைய யாருடி கேட்டா?"

"அவ அஞ்சு மாசம் ட்யூசன் படிச்சுட்டு வந்து எங்கிளாஸ்ல உக்காந்தா, நா எப்படிங்கப்பா ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கறது? சீட்டிங் இல்லீங்களா அது? அவ அங்கயே கெடக்கட்டும். ஒண்ணும் படிக்காம மாட்டு வயித்தையே கேட்டுட்டு வரட்டும். அப்பத்தான் எனக்கு சேஃப்டி."

அப்பா அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று மீசையைத் தடவினார். முடியவில்லை. "இவளப் பாருண்ணா, ஃபர்ஸ்ட் ரேங்க்காமா!" என்று பெரியப்பாவின் தொடையில் அடித்தார். பெரியப்பாவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பிலேயே அப்பா, "செரி... யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

மிதுனா சுயநலப் பிசாசு. இத்தனை பெரிய விஷயம் நடக்கும்போது அவளுக்குத் தன் ரேங்க்தான் முக்கியம். இதுவரை பத்தாவது ரேங்க்குக்கு மேல் வந்ததே இல்லை. முதல் ரேங்க் வாங்க ஆசை என்று யாரிடமும் சொல்லி நான் கேட்டதும் இல்லை.

ஜனவரி 18

அப்பா கூப்பிடவில்லை. மிதுனாவின் செய்தி மட்டும்: "கிளாஸ்ல உன்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஓகே சொன்னா ஜன்னல் பக்கம் உனக்கு."

ஓகே என்று அனுப்பினேன். பதிலுக்கு ஒரு மாட்டுப் படம்.

ஜனவரி 21

அப்பா. திரையில் முகம் வருவதற்கு முன்பே கேட்டார்: "இன்னைக்கு சத்தம் எப்படி இருக்குது?"

"நல்லாருக்குதுங்கப்பா."

"பட்டறைல பசங்ககிட்டச் சொன்னேன். ஒருத்தனும் நம்பமாட்டீங்கறான். ரெகார்ட் பண்ணி அனுப்பு." அப்புறம், வேறு எங்கோ பார்த்தபடி: "ஜூலைலயே வா. மெட்ராசுக்கு டிக்கெட் போட்டிருந்தேன், ரத்துப் பண்ணிப்போட்டேன். நல்லாச் சாப்புடு."

நான் ஹைக்கேயைத் தூக்கிச் சுற்றப் பார்த்தேன். முடியவில்லை. அவர் என்னைத் தூக்கிச் சுற்றினார்.

ஜனவரி 30

வகுப்பில் எல்லோருக்கும் மார்க்கோடு சான்றிதழ். சிலர் அழுதார்கள், சிலர் கட்டிப்பிடித்தார்கள். எனக்கு ஒரே ஒரு வரி: கனிஷ்கா இங்கே வந்து போனாள். கல்லூரியில் இதை யாரும் கேட்கப் போவதில்லை. பார்த்தால் கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். பூங்கொடி மிஸ்ஸுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். "சரியான பேப்பர்" என்று பதில் வந்தது.

பை தூக்கும்போது ஃப்ராவ் யான்ஸன் கூப்பிட்டார். "மார்க் போட்டிருந்தால் என்ன போட்டிருப்பேன் என்று தெரிய வேண்டுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பெருந்தன்மையாக இருந்திருக்கும். ஆனால் "வேணும் வேணும்" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவர் குனிந்து காதில் ஒரே ஒரு எண்ணைச் சொன்னார்.

அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் மார்க் ஆகிவிடும்.

வீட்டுக்குச் சைக்கிளில் வந்தேன். எதிர்க்காற்று, கண்ணில் தண்ணீர், ரோட்டில் ஒரு ஆள் இல்லை. காற்றாலைகளைப் பார்த்து அந்த எண்ணைத் தமிழில் கத்தினேன். மறுபடியும் கத்தினேன். வளைவில் ஒரு பாட்டியம்மா சைக்கிளில் எதிரே வந்துவிட்டார். வாயைத் திறந்தபடி அப்படியே நின்றேன். "மொயின்" என்று அவர் வணக்கம் சொன்னார். "மொயின்" என்றேன், நல்ல பிள்ளையாக.

அவர் வளைவு திரும்பும் வரை பொறுத்திருந்து, மறுபடி கத்தினேன்.